செம்போத்துக் கூட்டில் சஞ்சீவி வேர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஒரத்தநாடு பக்கம். எங்கள் கொல்லை வேலியில் செம்போத்து கூடு கட்டியிருக்கிறது. போன வாரம் தெருப் பையன்கள் குஞ்சின் காலைக் கம்பியால் கட்டிவிட்டார்கள். தாய் சஞ்சீவி வேரைக் கொண்டுவந்து கட்டை அறுக்குமாம். பிறகு கூட்டைப் பிய்த்து ஆற்றில் விட்டால், தண்ணீரை எதிர்த்துப் போகிற குச்சிதான் அந்த வேராம். என் அப்பாயியும் இதே கதையைச் சொன்னவர்தான். கம்பியை நான் அவிழ்த்துவிட்டேன். இதில் கொஞ்சமாவது உண்மை உண்டா? என் மகளுக்கு இதைச் சொல்லலாமா?

செ.

அன்புள்ள செ.,

கம்பியை அவிழ்த்தீர்களே, அதற்கு முதலில் நன்றி.

அப்படி ஒரு வேர் கிடையாது. செம்போத்து குயில் குடும்பம்தான். ஆனால் குயில் மாதிரி காக்கைக் கூட்டைத் தேடிப் போகாது; தானே கட்டும். முள்புதர், மூங்கில் கொத்து, தாழை என்று கை நுழையாத இடமாகப் பார்த்து, இலையும் புல்லும் சுள்ளியும் கொண்டு பந்துபோல் கட்டிப் பக்கவாட்டில் வாசல் வைக்கும். தாயும் தகப்பனும் சேர்ந்தே குஞ்சுகளுக்கு ஊட்டும். அலகில் கொண்டுவருவது வெட்டுக்கிளி, நத்தை, ஓணான் இவைதான். கம்பி இறுகினால் ரத்த ஓட்டம் நின்று குஞ்சின் கால் அழுகும், குஞ்சு சாகும். ஆற்றில் எதிர்த்துப் போகும் குச்சியை நானும் பார்த்திருக்கிறேன். மதகடியிலும் கரை வளைவிலும் தண்ணீர் சுழன்று பின்னோக்கி ஓடும். அங்கே எந்தச் சுள்ளியைப் போட்டாலும் கொஞ்ச தூரம் மேலேறும்.

இந்தக் கதை ஏன் இந்தப் பறவைமேல் ஏறியது? நான் நினைப்பது இது: பொன்னரளி நம் ஊரில் ஆளைக் கொல்லும் விஷம். அதன் பழத்தைச் செம்போத்து தின்கிறது. குட்டிப் பாம்பையும் பிடித்து விழுங்குகிறது. ரத்தச் சிவப்பில் கண், புதருக்குள்ளிருந்து அடித்தொண்டையில் ‘ஊப் ஊப்’ என்று குரல். இதனிடம் ஏதோ மருந்து இருக்கிறது என்று நம் பாட்டன் பூட்டன் நினைத்ததில் வியப்பில்லை.

அந்த எண்ணம்தான் அதன் உயிருக்கு வினையானது. இளைப்புக்கும் காசநோய்க்கும் நல்லது என்று அதன் கறியைத் தின்கிறார்கள். எந்த நோயும் அதில் தீராது. காசநோய்க்கு அரசு மருத்துவமனையில் இலவசமாகவே மருந்து தருகிறார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி இந்தப் பறவையைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம் என்பதையும் பையன்களிடம் சொல்லுங்கள்.

மகளுக்குக் கதையைத் தாராளமாகச் சொல்லுங்கள். அப்பாயி சொன்னது அப்பாயியோடு போய்விடக் கூடாது. செம்போத்து குறுக்கே வந்தால் போன காரியம் ஜெயம் என்று பெரியவர்கள் சொல்வதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொன்ன கையோடு தள்ளி நின்று அந்தக் கூட்டையும் காட்டுங்கள். தாய் என்ன கொண்டுவருகிறது என்று அவளே பார்த்துக்கொள்வாள்.

எனக்குப் பெரிய கவலை வேலியைப் பற்றித்தான். உயிர்வேலியை வெட்டி காம்பவுண்டு சுவர் எழுப்பாத ஊர் இன்று அரிது. சுவரில் செம்போத்து எங்கே கூடு கட்டும்? உங்கள் வேலியை இப்போதைக்குக் கழிக்க வேண்டாம். பொரித்த மூன்று வாரத்தில் குஞ்சுகள் இறங்கிவிடும். அதுவரை பையன்கள் கிட்டே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டிய காலில் வீக்கம் தெரிந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்