அப்லேஷனுக்குப் பிறகும் படபடப்பு: சிகிச்சை தோற்றுவிட்டதா?

கேள்வி: எனக்கு வயது 58. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற இதயத்துடிப்புக்காக அப்லேஷன் செய்து 18 நாட்கள் ஆகின்றன. பத்தாம் நாள் இரவு பழைய படபடப்பு திரும்பி வந்து இரண்டு மணி நேரம் நீடித்தது. ஓய்வில் 65 ஆக இருந்த நாடித்துடிப்பு இப்போது 78. சிகிச்சை வீணாகிவிட்டதா? தொடையில் நீலம் பாய்ந்திருப்பதால், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை நான்கு நாட்களாக நிறுத்தியிருக்கிறேன்.

பதில்: உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்தது படபடப்பு அல்ல, கடைசி வரிதான். இதைப் படித்து முடித்ததும் உங்கள் மருத்துவரைத் தொலைபேசியில் அழையுங்கள். மாத்திரையை நிறுத்தியதைத் தயங்காமல் சொல்லி, அவர் சொல்கிறபடி இன்றே மீண்டும் தொடங்குங்கள். விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து விழுங்கிவிட வேண்டாம்.

அப்லேஷன் என்பது இதயத்தின் இடது மேலறைக்குள் வேண்டுமென்றே தழும்பு உண்டாக்கும் சிகிச்சை. உள்சுவரின் புண் ஆறும்வரை அங்கே ரத்தம் எளிதில் உறையும். மேலறையும் சில வாரங்கள் சோர்ந்தே சுருங்கும். அங்கே உருவாகும் சிறு ரத்தக்கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால்தான் துடிப்பு எவ்வளவு சீராக இருந்தாலும் குறைந்தது இரண்டு, மூன்று மாதங்களுக்கு இந்த மாத்திரை எல்லோருக்கும் உண்டு. அதன் பிறகு தொடர்வதா என்பதை வயது, ரத்த அழுத்தம், நீரிழிவு, முன்பு பக்கவாதம் வந்ததா என்பவை போன்றவைதான் தீர்மானிக்கும். ‘இப்போது நன்றாக இருக்கிறேனே’ என்ற உணர்வை நம்பி நிறுத்தக் கூடாது.

தொடையின் நீலம், சிகிச்சைக்காக இதயம்வரை குழாய் செலுத்திய தொடைச் சிரையிலிருந்து கசிந்த ரத்தம். அது முழங்கால்வரை இறங்கலாம், பச்சையாகி மஞ்சளாகி மறையும். வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனாலோ, கால் குளிர்ந்து மரத்தாலோ உடனே காட்ட வேண்டும். புதிதாக ரத்தம் வந்தால் படுத்துக்கொண்டு பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நிற்காவிட்டால் ஆம்புலன்ஸ்.

இனி படபடப்பு. இந்த நோயைத் தூண்டும் மின்பொறிகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளிலிருந்து கிளம்புகின்றன என்பதை 1998இல் பிரான்சின் போர்தோ நகரில் ஹைசகேர் குழுவினர் காட்டினார்கள். அந்தச் சிரைகளின் வாயிலைச் சுற்றி வேலி போல் தழும்பு போடுவதுதான் உங்களுக்குச் செய்த சிகிச்சை. வேலி இறுக வாரங்கள் ஆகும். அதுவரை சுற்றியுள்ள தசை அழற்சியால் எரிச்சலுற்றிருக்கும். அந்த எரிச்சலே படபடப்பைக் கிளப்பிவிடும். ஆகவே முதல் இரண்டு, மூன்று மாதங்களில் வரும் படபடப்பை வைத்து வெற்றி தோல்வி எழுதுவதில்லை. பத்தாம் நாளில் நீங்கள் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். ஆனால் அது அடுத்த முறை வந்தால் அந்த நேரத்திலேயே ஒரு இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள், பழைய கோளாறா, வேறொன்றா என்பது அதில்தான் தெரியும். மயக்கம், மூச்சுத்திணறல், மார்பில் அழுத்தம் சேர்ந்தால் காத்திருக்க வேண்டாம்.

நாடித்துடிப்பு கூடியதற்கும் காரணம் உண்டு. இதயத்துக்குக் கடிவாளமாக இருக்கும் நரம்பு முடிச்சுகள் சில அந்தச் சிரைகளை ஒட்டியே இருக்கின்றன. சிகிச்சையில் அவையும் ஓரளவு பாதிக்கப்படும். பத்துப் பதினைந்து துடிப்புகள் கூடுவது சகஜம், பல மாதங்கள் நீடிக்கவும் கூடும். அதனால் கெடுதல் இல்லை.

மூச்சை ஆழமாக இழுத்தால் மார்பு வலிப்பது முதல் வாரத்தோடு பொதுவாக அடங்கிவிடும். களைப்பு இன்னும் சில வாரங்கள் இருக்கலாம். தினமும் நடங்கள், தூரத்தை மெல்லக் கூட்டுங்கள். இரவில் பலத்த குறட்டையும் மூச்சுத் தடையும் இருந்தால் அதற்குப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதைக் கவனிக்காமல் விட்டால் நோய் திரும்ப வாய்ப்பு அதிகம். மது வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இடது மேலறைக்கு நேர் பின்னால் உணவுக்குழாய் இருக்கிறது. மிக அரிதாக, சிகிச்சையின் சூடு அதையும் புண்ணாக்கி, இரண்டுக்கும் இடையே துளை விழலாம். சிகிச்சை முடிந்து ஒன்று முதல் எட்டு வாரங்களுக்குள், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும்போதுதான் அது தலைகாட்டும். காய்ச்சல், குளிர் நடுக்கம், விழுங்கும்போது வலி, புதிய மார்பு வலி, ரத்த வாந்தி, பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது வந்தாலும் வீட்டு வைத்தியம் செய்துகொண்டிருக்காதீர்கள். உயிர் போகும் ஆபத்து அது. அவசரப் பிரிவில் நுழைந்ததும் ‘இதயத்தில் அப்லேஷன் செய்து இத்தனை நாட்கள் ஆகின்றன’ என்று முதலில் சொல்லுங்கள். அங்கிருப்பவர்கள் விழுங்கும் வலிக்காக எண்டோஸ்கோபி (வாய்வழியே குழாய் விட்டு உணவுக்குழாயைப் பார்ப்பது) செய்ய நினைக்கலாம். துளை இருந்தால் அந்தப் பரிசோதனையில் செலுத்தும் காற்று இதயத்துக்குள் புகுந்து மூளைக்குப் போய்விடும். சி.டி. ஸ்கேன்தான் முதலில் எடுக்க வேண்டும். இதை உங்கள் வீட்டாரிடமும் இன்றே சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் பேசும் நிலையில் இல்லாமல் போகலாம்.