பழைய அனுபவம் நம் அன்றாட முடிவுகளை எப்படி வளைக்கிறது?

குளச்சலில் லேசாகக் காற்றடித்தாலே உங்கள் அம்மா அண்ணனைக் கடலுக்கு விடுவதில்லை, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எளிதில் நினைவுக்கு வருவதை, அடிக்கடி நடப்பதாக மனம் எடுத்துக்கொள்ளும். உளவியலாளர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானெமனும் 1973-இல் விளக்கிய குறுக்குவழி இது. எல்லாவற்றையும் அலசி முடிவெடுக்க யாருக்கு நேரம்? பெரும்பாலும் இது கைகொடுக்கவே செய்கிறது.

ஆனால் 2017 நவம்பர் 30-க்கு முன் இதே மனம் மறுபக்கம் சாய்ந்திருக்கும். குமரிக்கடலில் பெரிய புயலைப் பார்த்த நினைவு பலருக்கு இல்லை; அதனால் 'இங்கே வராது' என்ற தைரியம். அன்று ஒக்கி புயல் வந்தது, எத்தனையோ பேர் கரை திரும்பவில்லை. ஒரே நாளில் கடலின் இயல்பு மாறிவிடவில்லை, நினைவுதான் மாறியது; அதனால்தான் இப்போது லேசான காற்றுக்கே அம்மா பயப்படுகிறார்.

அம்மாவின் பயத்தைத் தயவுசெய்து கேலி செய்யாதீர்கள். வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையைத் தினமும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். எச்சரிக்கை இருந்தால், வானம் தெளிவாக இருந்தாலும் அண்ணன் போக வேண்டாம்.