கென்னடி நோயும் ஹார்மோன் ஊசியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தாய்மாமாவுக்குக் கென்னடி நோய் என்று மரபணுச் சோதனையில் உறுதியாகியிருக்கிறது. ஹார்மோன் சிகிச்சையால் இந்நோய் கண்ட எலிகள் தேறின என்று படித்தேன். தசையை வளர்ப்பது ஆண் ஹார்மோன்தானே? மாமாவுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் படித்த செய்தி சரி. அதிலிருந்து எடுத்த முடிவுதான் தலைகீழ். அந்த எலிகளுக்கு ஹார்மோன் ஏற்றப்படவில்லை, வற்றச் செய்யப்பட்டது.

கென்னடி நோய் பெரும்பாலும் ஆண்களைத் தாக்கி, கைகால் தசைகளையும் விழுங்கும் தசைகளையும் மெல்ல மெல்லத் தளரச் செய்யும் மரபுநோய். அதன் பிழை எக்ஸ் குரோமோசோமில், ஆண் ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிப் புரதத்துக்கான மரபணுவில் இருப்பது 1991-ல் தெரியவந்தது. சிஏஜி என்ற மூன்றெழுத்து மரபுக்குறி திரும்பத் திரும்ப வரும் தொடர் அதில் அளவுக்கு மீறி நீண்டுவிடுகிறது. டெஸ்டோஸ்டிரோன் வந்து ஒட்டியதும் அந்தப் பழுதான ஏற்பி அணுக்கருவுக்குள் புகுந்து, அங்கே திரண்டு, இயக்க நரம்பணுக்களையும் தசையையும் கெடுக்கிறது.

ஜப்பானின் நகோயாவில் கட்சுனோ, சொபுவே குழுவினர், சிஏஜி 97 முறை தொடரும் மனித மரபணுவை எலிகளில் புகுத்தி 2002-ல் முடிவுகளை வெளியிட்டனர். ஆண் எலிகள் மெலிந்து, பின்னங்கால்களை இழுத்து நடந்தன. பெண் எலிகளுக்கு அவ்வளவு பாதிப்பில்லை. விதை நீக்கிய ஆண் எலிகளில் நோய் வெகுவாகத் தணிந்தது. உங்கள் கேள்விக்கான விடை அதே ஆய்வில் இருக்கிறது: பெண் எலிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது அவையும் நோயில் விழுந்தன. மறு ஆண்டு அவர்கள் லியூப்ரோரெலின் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். அது டெஸ்டோஸ்டிரோனை முதலில் சிறிது காலம் ஏற்றிவிட்டுப் பிறகே அடக்கும்; எலிகளும் அந்த ஏற்றத்தின்போது சற்றுத் தளர்ந்து, அடங்கிய பின் தேறின. என்னைக் கேட்டால், டெஸ்டோஸ்டிரோனே நோயைத் தூண்டுகிறது என்பதற்கு, தேறியதைவிட அந்தத் தற்காலிகத் தளர்ச்சியே வலுவான சாட்சி.

மனிதர்களில் கதை இவ்வளவு நேராகப் போகவில்லை. இதே மருந்தை வைத்து ஜப்பானில் சுமார் 200 நோயாளிகளிடம் 48 வாரம் நடந்து 2010-ல் வெளியான சோதனையில், விழுங்கும் திறனில் ஒட்டுமொத்தமாகத் தெளிவான முன்னேற்றம் தென்படவில்லை. நோய் தொடங்கிப் பத்தாண்டுக்குள் இருந்தவர்களிடம் மட்டும் பலன் இருக்கலாம் என்ற குறி தெரிந்தது. எலிக்கு இளமையிலேயே மருந்து தொடங்கினார்கள். மனிதரோ நரம்பணுக்கள் பல அழிந்த பிறகே மருத்துவரிடம் வருகிறார். ஆயினும் 2017-ல் ஜப்பான் இந்நோய்க்கு அம்மருந்தை அனுமதித்தது. ஆண்மைக் குறைவு, எலும்பு மெலிவு போன்ற விளைவுகள் உண்டென்பதால், மாமாவுக்கு அது பொருந்துமா என்பதை அவருடைய நரம்பியல் மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.

தாய்மாமா என்று எழுதியிருப்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பிழை உங்கள் பாட்டி வழியாக வந்திருந்தால், உங்கள் அம்மாவிடமும் அது இருக்கப் பாதி வாய்ப்புண்டு. அம்மாவிடம் இருந்தால் பிள்ளைகளுக்கும் அப்படியே. மரபணு ஆலோசகர் ஒருவரைப் பார்த்து முடிவு தெரியும்வரை, ஜிம்மில் யார் சொன்னாலும், நீங்களோ உங்கள் சகோதரர்களோ டெஸ்டோஸ்டிரோன் ஊசியைத் தொடாதீர்கள்.