கடலோரத்தில் மீன் சாப்பிட்டு வளரும் குடும்பம் எங்களுடையது. எங்கள் குழந்தைக்குத் தைராய்டு குறை வருமா, வந்தால் மூளையைப் பாதிக்குமா?

வரலாம். கவனிக்காமல் விட்டால் மூளையைப் பாதிக்கும். பிறந்த இரண்டு வாரத்துக்குள் மருந்தைத் தொடங்கிவிட்டால், பெரும்பாலான குழந்தைகள் மற்றவர்களைப் போலவே வளர்கிறார்கள். கீழக்கரையில் என் தங்கை மகளுக்கு இது இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

மீனை நம்பி இருக்காதீர்கள். பிறவிக் குறையில் பெரும்பாலானவை, தைராய்டு சுரப்பியே உருவாகாமலோ, சிறுத்தோ, இடம் மாறியோ அமைவதால் வருபவை. தாய் எவ்வளவு மீன் சாப்பிட்டாலும் அதைத் தடுக்க முடியாது. தைராய்டு ஹார்மோன் உருவாகத் தேவையான அயோடின் குறைவதால் வருவது வேறு. அதிலும் கடல் கைகொடுக்கும் என்று இருக்க வேண்டாம்; பாத்தியில் காய்ந்து விளையும் உப்பில் அயோடின் மிகச் சொற்பம். வாலிநோக்கம் பக்கத்துக் கல்லுப்பு கருவாட்டுக்குப் போதும். கர்ப்பிணிக்கு நாளுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் தேவை. அவள் சாப்பிடும் குழம்பில் அயோடின் சேர்த்த உப்புதான் விழ வேண்டும்.

நரம்பணுக்கள் தம் இடத்துக்கு நகர்வதற்கும், கிளைவிட்டு ஒன்றோடொன்று இணைவதற்கும், நரம்பிழை மேல் மயலின் என்னும் கொழுப்பு உறை படிவதற்கும் தைராய்டு ஹார்மோன் வேண்டும். ஏறக்குறைய மூன்று வயது வரை மூளைக்கு இதில் விலக்கே இல்லை. அப்போது இழந்ததைப் பின்னால் முழுதாக மீட்க முடியாது. அதற்குப் பிறகு குறை வந்தால் உயரம் தடைப்படும், பிள்ளை மந்தமாகும். ஆனால் மருந்து கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பிறந்தவுடன் எதுவும் தெரியாது என்பதுதான் வம்பு. தாயிடமிருந்து வந்த ஹார்மோன் கொஞ்ச நாள் தாங்கும். பிறகு வரும் அறிகுறி ஒவ்வொன்றுக்கும் நம் வீட்டில் ஒரு சமாதானம் இருக்கிறது. அழாமல் தூங்கிக்கொண்டே இருந்தால் சமத்துப் பிள்ளை. மஞ்சள் காமாலை வாரக்கணக்கில் நீடித்தால் காலை வெயில். மலச்சிக்கலுக்கு உரை மருந்து. தொப்புள் புடைத்தால் காசு வைத்துக் கட்டு. எங்கள் அம்மாவும் இந்த நான்கையும் சொன்னவர்தான்.

ஆகவே அறிகுறிக்குக் காத்திருக்காமல், பிறந்து 48 மணி நேரம் கழித்துக் குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தப் பரிசோதனையை நீங்களே கேட்டு வாங்குங்கள். அதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் எப்போது வர வேண்டும் என்று கேளுங்கள்.

மருந்து லெவோதைராக்சின் மாத்திரை, எடைக்கேற்ப அளவு. பொடித்து ஒரு கரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கலந்து கொடுக்கலாம். இரும்பு, கால்சியம் மருந்துகளைச் சில மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். அளவை மாற்றுவதும் நிறுத்துவதும் மருத்துவர் வேலை. மூன்று வயதுக்குப் பிறகு சிலருக்கு நிறுத்திப் பார்ப்பார்கள். தங்கை மகளுக்கு நிறுத்த முடியவில்லை. இப்போது எட்டாம் வகுப்பு. மாத்திரையைத் தானே போட்டுக்கொள்கிறாள். கணக்கு மட்டும் வரவில்லை. அது அவள் அம்மாவுக்கும் வராது.