ஹைகிரவுண்டுக்கு ஓடவா, பக்கத்திலேயே பார்க்கவா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தை நம்பலாமா, இல்லை நேராகப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கிற பெரியாஸ்பத்திரிக்கே (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) போய்விடலாமா? எது எதற்கு எங்கே போகவேண்டும் என்று பார்ப்போம்.

கேள்வி (கடையம்): டாக்டரம்மா, அப்பாவுக்கு 61 வயது. நெஞ்சுவலி வந்தால் உடனே காரில் ஹைகிரவுண்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று அண்ணன் சொல்கிறான். சரியா?

பதில்: வேண்டாம் தம்பி. வழியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடும், அந்த நேரத்தில்தான் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். 2023-ல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் மாரடைப்புக்கான முதல்கட்ட மருந்தை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைத்திருக்கிறார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடார்வாஸ்டாட்டின் 8, மொத்தம் 14 மாத்திரை. மாரடைப்பு என்று டாக்டர் முடிவு செய்தால் அத்தனையையும் ஒரே தடவையில் கொடுத்து, 108-ல் ஏற்றி அனுப்புவார்கள். ரத்தக்கட்டி மேலும் வளராமல் தடுக்கிற வேலை அப்போதே தொடங்கிவிடுகிறது. இதைப் படித்துவிட்டு 14 மாத்திரையையும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். வயிற்றில் புண்ணோ மூளையில் ரத்தக்கசிவோ இருக்கிறவருக்கு அதுவே எமனாகிவிடும். இன்னொன்று, இரவில் டாக்டர் இல்லாத நிலையங்கள் இருக்கின்றன, அதை அரசு சரிசெய்தே ஆகவேண்டும். அதுவரை உங்கள் பக்கத்தில் 24 மணி நேரமும் டாக்டர் இருக்கிற இடம் எது, தென்காசி அரசு ஆஸ்பத்திரியா அம்பாசமுத்திரமா என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள். வலி வந்தபிறகு விசாரிக்க நேரம் இருக்காது.

கேள்வி (சேரன்மகாதேவி): வயலில் பாம்பு கடித்தால் இன்னமும் மந்திரிக்கத்தான் கொண்டுபோகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து இருக்குமா?

பதில்: இருக்கவேண்டும், கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. நம்மிடம் இருக்கிற மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலுக்கும் சேர்த்துத் தயாரித்தது, அதனால் பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு வரவேண்டிய அவசியமே கிடையாது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியைக் கண்டுபிடிக்க பெரிய லேப் எதுவும் வேண்டாம்: சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்தி வைத்துவிட்டு மெதுவாகச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் தண்ணீர்போல ஓடினால் விரியன் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று அர்த்தம். கட்டுவிரியன் வேறு மாதிரி. தரையில் படுத்துத் தூங்குகிறவரை ராத்திரியில் கடிக்கும், வீக்கமோ வலியோ பெரிதாகத் தெரியாது, விடியற்காலையில் வயிற்றுவலி என்பார், இமை தானாகத் தொங்கும். அப்படிப்பட்டவருக்கு மூச்சுக்கருவி தேவைப்படலாம், ஆகவே முதல் மருந்தைப் பக்கத்தில் போட்டுவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பவேண்டியதுதான். கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், மெட்டியையும் கொலுசையும் கழற்றிவிட்டுக் காலை அசையாமல் வையுங்கள்.

தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, ஆஸ்பத்திரிகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்கவேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. வெறும் காகித வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். எந்த ஊரில் எத்தனை கடி என்று தெரிந்தால்தானே அந்த ஊருக்கு மருந்துக் குப்பிகளைக் கூடுதலாக அனுப்ப முடியும்? இது எப்போதோ வந்திருக்கவேண்டிய ஆணை.

கேள்வி (வள்ளியூர்): முதலமைச்சர் காப்பீட்டு அட்டை யாருக்குக் கிடைக்கும்?

பதில்: குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் இருக்கிற காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். வருடத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் வரை, பட்டியலில் இருக்கிற சிகிச்சைகளுக்கு மட்டும். அட்டை இருந்தும் தனியார் ஆஸ்பத்திரியில் பணம் கேட்டால் வாக்குவாதம் பண்ணிக்கொண்டு நிற்காமல் 1800 425 3993-க்கு அங்கிருந்தே போன் பண்ணுங்கள். சாலை விபத்து என்றால் இந்த அட்டையே தேவையில்லை. ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை யாருக்கும் உண்டு, அதில் சேர்ந்திருக்கிற ஆஸ்பத்திரியாக இருந்தால் போதும்.

கேள்வி (பாளையங்கோட்டை, கல்லூரி மாணவி): மருத்துவத்தில் புதுமை என்றாலே பெரிய பெரிய மெஷின்தானா?

பதில்: இல்லவே இல்லை அம்மா. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு தொடங்கியது. காசநோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் (காசநோய்க்கான தங்கும் ஆஸ்பத்திரியில்) வைத்தார்கள், மற்றவர்களை அவர்கள் வீட்டில், நெருக்கடியான ஒண்டுக்குடித்தனத்தில் வைத்தே மாத்திரை கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வந்தபோது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கக் காசநோய்க்கு வீட்டிலிருந்தே சிகிச்சை என்று மாறியது அதற்குப் பிறகுதான். 2022-ல் இங்கே தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும் அதே வழிதான்: உயரத்துக்கேற்ற எடை, கால்வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிமானமில்லாமல் நிற்க முடிகிறதா. இதைப் பார்த்தே யாரை உடனே அட்மிட் பண்ணவேண்டும் என்று சுகாதார ஊழியர் பிரித்துவிடலாம். என்னைக் கேட்டால், அரசு பணத்தைப் போடவேண்டிய புதுமை இதுதான்.

கேள்வி (முக்கூடல்): அம்மா பீடி சுற்றுகிறாள். சர்க்கரை மாத்திரை வாங்கப் போனால் அன்றைய கூலி போய்விடுகிறது.

பதில்: 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். ஊர் நர்ஸிடம் அம்மா பெயரைப் பதியச் சொல்லுங்கள், அப்புறம் மாத்திரை வீட்டுக்கே வரும். மடியில் சொளவை (முறத்தை) வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறவர்களுக்குக் கால் மரத்துப்போனால் அது உட்கார்ந்ததாலா, சர்க்கரையாலா என்று தெரியாமலே போய்விடும். ஆகவே மாத்திரை வீட்டுக்கு வந்தாலும், டாக்டரிடம் போகிற அன்றைக்கு உள்ளங்காலையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.