தனியார் ஜெட் எவ்வளவு பாதுகாப்பு? – கேள்வி பதில்

செந்தில்: ஏர்லைன் விமானத்தைவிடத் தனியார் ஜெட் ஆபத்தானதா சார்?

யார் ஓட்டுகிறார்கள், எந்த விதியின் கீழ் ஓட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்க விமான விதிப் புத்தகத்தில் ஏர்லைன்களுக்கு பார்ட் 121 என்ற பிரிவு, முழு விமானத்தையும் வாடகைக்கு எடுக்கும் சார்ட்டருக்கு பார்ட் 135, சொந்த விமானத்துக்கு பார்ட் 91. இதே வரிசையில் கெடுபிடி குறைந்துகொண்டே வரும். காலையில் சார்ட்டராகப் பறந்த ஜெட், அடுத்த பயணியை ஏற்றக் காலியாகப் போகும்போது பார்ட் 91-க்கு மாறிவிடலாம். விமானமும் பைலட்டும் அதேதான், விதி மட்டும் தளர்ந்துவிடும். சம்பளத்துக்கு இரண்டு பைலட்டுகளை வைத்து ஒழுங்காக நடத்தும் நிறுவனங்களின் பதிவு ஏர்லைனுக்குப் பக்கத்தில் வரும். முதலாளியே ஓட்டும் விமானங்களின் பதிவு அப்படி இல்லை.

மாலதி: பெரும்பாலும் இன்ஜின் கோளாறால்தானே விழுகிறது?

இல்லைங்க. எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாத ஒரு விபத்தைச் சொல்கிறேன். 2014 மே 31 இரவு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் பெட்ஃபோர்டில் கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி-4 ரக தனியார் ஜெட் ஒன்று. நிறுத்திவைத்த விமானத்தின் இறக்கைப் பலகைகளும் வால் பலகைகளும் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ‘கஸ்ட் லாக்’ என்று ஒரு பூட்டு உண்டு. அதை எடுக்காமலேயே புறப்பட்டுவிட்டார்கள். கட்டுப்பாட்டுக் கம்பைக் கடைசிவரை முன்னும் பின்னும், இடமும் வலமும் அசைத்துப் பார்த்திருந்தால் சில நொடிகளில் தெரிந்திருக்கும். ‘லாக் போட்டிருக்கு’ என்று ஓடுபாதையில் ஓடும்போதே சொல்லும் குரல் காக்பிட் பதிவில் இருக்கிறது. அந்தக் கணமே நிறுத்தியிருந்தால் விமானம் ஓடுபாதையைத் தாண்டியிருக்காது. தாண்டியது, தீப்பிடித்தது, ஏழு பேரும் இறந்தார்கள்.

அமெரிக்க விபத்து விசாரணை வாரியமான என்.டி.எஸ்.பி. அந்த விமானத்தின் பழைய பதிவுகளையும் எடுத்துப் பார்த்தது. முந்தைய 175 புறப்பாடுகளில் அந்தச் சோதனையை முழுசாகச் செய்தது வெறும் 2 முறை. பைலட்டுகள் இருவரும் அனுபவசாலிகள், வருஷக்கணக்கில் சேர்ந்தே பறந்தவர்கள். பூட்டின் வடிவமைப்பிலும் குறை இருந்தது. இன்ஜின் விசையைக் கூட்டும் த்ராட்டிலை அது தடுக்க வேண்டிய அளவுக்குத் தடுக்கவில்லை. ஆனாலும் அந்த 175-க்கு 2 என்ற கணக்கைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

ரவி: பணம் கட்டிய பயணி பைலட்டுக்கு அழுத்தம் கொடுப்பது உண்டா?

உண்டு, அது உயிரைக் குடித்தும் இருக்கிறது. 2001 மார்ச் 29, கொலராடோவின் ஆஸ்பென். மலைகளுக்கு நடுவே இருக்கும் விமான நிலையம், இரவில் இறங்கக் கட்டுப்பாடு. பயணிகள் வரத் தாமதமானதால் விமானம் பிந்திப் புறப்பட்டது. வேறு ஊரில் இறங்க நேரிடலாம் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர் கோபப்பட்டார். இருட்டு, பனிமழை, ஓடுபாதை சரியாகத் தெரியவில்லை. அப்படியும் இறங்கப் பார்த்து கல்ஃப்ஸ்ட்ரீம் 3 மலைச்சரிவில் மோதியது. 18 பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. வாடிக்கையாளர் தந்த அழுத்தமும் ஒரு காரணம் என்றே அறிக்கையில் எழுதினார்கள். பைலட் ‘இன்றைக்கு முடியாது’ என்று சொன்னால், தயவுசெய்து ‘ஏன்’ என்று இரண்டாம் முறை கேட்காதீர்கள்.

ஃபாத்திமா: சின்ன ஜெட்டில் ஒரே பைலட்தான் என்கிறார்கள். போதுமா?

சட்டப்படி போதும். என் வீட்டாரை நான் ஏற்றமாட்டேன். 2014 டிசம்பர் 8-ல் மேரிலாந்தின் கெய்தர்ஸ்பர்க்கில் ஒரே பைலட் ஓட்டிய ஃபீனம் 100 என்ற சின்ன ஜெட் இறங்க வந்தது. பனி உறையும் மேகம். இறக்கையில் படியும் பனியை உடைக்கும் கருவியை பைலட் போடவே இல்லை. பனி ஒட்டினால் இறக்கையின் தூக்கும் சக்தி சீக்கிரமே போய்விடும். உயரம் குறைவு, மீட்க இடமில்லை. விமானத்தில் மூன்று பேர் இறந்தார்கள். அது விழுந்த வீட்டில் ஒரு தாயும் இரண்டு குழந்தைகளும். பக்கத்து இருக்கையில் இன்னொருவர் இருந்திருந்தால், ‘அதைப் போட்டாயா?’ என்று கேட்டிருப்பார்.

கார்த்திக்: முழு விமானத்துக்கும் பாராசூட் வந்துவிட்டதாமே?

சிர்ரஸ் விஷன் ஜெட்டில் இருக்கிறது. ஒற்றை இன்ஜின், சிறிய விமானம். பெரிய ஜெட்டுகளில் கிடையாது.

டேவிட்: சார்ட்டர் எடுக்குமுன் என்ன கேட்க வேண்டும்?

முதலில், விமானத்தை நடத்துவது யார் என்று எழுத்தில் கேளுங்கள். உங்களிடம் பேசுகிறவர் பெரும்பாலும் புரோக்கர்தான். 2005 பிப்ரவரி 2-ல் நியூ ஜெர்சியின் டெட்டர்பரோவில் ஒரு சேலஞ்சர் ஜெட் மேலே எழும்பாமல் நெடுஞ்சாலையைக் கடந்து கிடங்குச் சுவரில் போய் இடித்தது. எடை முன்பக்கம் அளவுக்கு மீறிச் சாய்ந்திருந்தது. அதை வாடகைக்கு ஓட்டிய கம்பெனிக்குச் சார்ட்டர் சான்றிதழே கிடையாது.

அடுத்து, விமானத்தின் பதிவு எண்ணை வாங்கி என்.டி.எஸ்.பி. தளத்தில் தேடுங்கள், இலவசம்தான். இரண்டு பைலட்டா, இருவரும் அந்த ரகத்தில் கடைசியாக எப்போது சிமுலேட்டர் பயிற்சி எடுத்தார்கள் என்றும் கேளுங்கள். ஆர்கஸ், வைவர்ன், ஐ.எஸ்.-பி.ஏ.ஓ. போன்ற பாதுகாப்புத் தணிக்கை முத்திரை இருந்தால் நல்லது. ஆனால் முத்திரை கம்பெனிக்குத்தான், இன்றைக்கு வரும் பைலட் தூங்கினாரா என்று அது சொல்லாது.

நிர்மலா: இறங்கும்போது ஓடுபாதையைத் தாண்டும் செய்திதான் அடிக்கடி வருகிறது. எதனால்?

வேகம் கூடுதல், தரை தொடுவது தாமதம், ஈர ஓடுபாதை. இவை சேர்ந்தால் பிரேக்கை மட்டும் நம்பிப் பயனில்லை. பார்ட் 135-ல் பெரிய ஜெட் என்றால், ஓடுபாதையின் 60 சதவீதத்துக்குள் நின்றுவிடும் என்று புறப்படுமுன்பே கணக்கு வரவேண்டும் என்பது பொது விதி. பார்ட் 91-ல் அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் சார்ட்டருக்கு மறுக்கப்படும் ஓடுபாதையில் சொந்த விமானம் இறங்குவதைப் பார்க்கலாம். சில விமான நிலையங்களில் ஓடுபாதை முடிகிற இடத்தில் சக்கரம் பட்டால் நொறுங்கும் கட்டிகளைப் பதித்திருப்பார்கள். 2010 அக்டோபர் 1-ல் டெட்டர்பரோவில் தாண்டிப்போன ஒரு ஜி-4-ஐ அவைதான் பிடித்து நிறுத்தின. உள்ளே இருந்தவர்கள் காயமில்லாமல் இறங்கி நடந்தார்கள்.