ஜமீன் என்பது நிலமா, உரிமையா?

கேள்வி: எங்கள் வீட்டுப் பெட்டியிலிருந்த 1930களின் கிரயப் பத்திரம் ஒன்றில் எங்கள் ஊர் ‘ஜமீன் கிராமம்’ என்றும், விற்கப்படுவது ‘குடிவார பாத்தியம்’ என்றும் எழுதப்பட்டுள்ளது. ஜமீன் என்றால் ஊர் நிலம் முழுவதும் ஜமீன்தாருக்குச் சொந்தம் என்றுதானே பொருள்? அப்படியானால் என் பாட்டனார் வாங்கியது எதை? பண்ணை, மிராசு என்பனவும் இதே பொருள் தருவனவா?
– வாசகர், இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: ‘ஜமீன்’ பாரசீகச் சொல், அம்மொழியில் அதற்கு நிலம், தரை என்பதே பொருள். தமிழ்நாட்டு வழக்கிலோ அது, நிலத்தின் தீர்வையை, அதாவது வரியை, தண்டும் உரிமையையும், அவ்வுரிமைக்கு உட்பட்ட ஊர்களின் தொகுதியையும் குறிக்கலாயிற்று. பாளையக்காரர் போர்கள் 1801இல் முடிந்தபின், கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) அரசு 1802ஆம் ஆண்டின் 25ஆவது ஒழுங்குவிதிப்படி, எஞ்சியிருந்த பாளையக்காரர் பலரை ஆண்டுதோறும் மாறாத பேஷ்குஷ் என்னும் தொகையை அரசுக்குக் கட்டும் ஜமீன்தார்களாக்கியது. படை தங்குமிடத்தைக் குறித்த ‘பாளையம்’ என்ற சொல்லின் இடத்தில் வரிக்கணக்குச் சொல்லான ‘ஜமீன்’ வந்து அமர்ந்ததிலேயே அந்த மாற்றத்தின் தன்மை முழுவதும் தெரிகிறது என்பது என் கருத்து.

உங்கள் பாட்டனாரின் பத்திரத்துக்கு விளக்கம் ‘வாரம்’ என்ற சொல்லில் இருக்கிறது. வாரம் என்றால் பங்கு. களத்தில் நெல்லைத் தூற்றிக் குவித்து மரக்காலால் அளக்கும்போது, அரசுக்கோ அதனிடம் உரிமை பெற்றவருக்கோ சேரும் பங்கு மேல்வாரம். உழுத குடிக்குச் சேரும் பங்கு குடிவாரம். ஜமீன்தாருக்குப் பொதுவாக உரியது மேல்வாரமே. குடிகளின் சாகுபடி உரிமை நிலையானது, வாரிசுக்குச் செல்லக்கூடியது, விற்கத்தக்கது என்பதை 1908ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் உறுதிப்படுத்தியது. பாத்தியம் என்றால் உரிமை. ஆகவே உங்கள் பாட்டனார் வாங்கியது வெறுங்குத்தகை அன்று, அந்த நிலையான சாகுபடி உரிமை.

பண்ணை என்பது வேறு. ஜமீன்தார் தம் ஆட்களைக் கொண்டு தாமே பயிரிட்ட சொந்த நிலமே பண்ணை. அதே 1908ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்தாரின் சொந்த நிலத்துக்கு வழங்கும் பெயர்களைச் சொல்லும் இடத்தில் ‘கம்பத்தம்’, ‘பண்ணை’ என்ற நம் சொற்களை அப்படியே எடுத்தாள்கிறது. ஆங்கிலச் சட்டத்தின் நடுவே அவற்றைக் காண்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது. ஜமீன் முழுவதையும் பண்ணை என்று எழுதும் இக்கால வழக்கம் இந்த வேறுபாட்டை அழித்துவிடுகிறது.

மிராசு, மரபுரிமை என்னும் பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்து வந்தது. தஞ்சை மிராசுதார்கள் ரயத்துவாரி முறையில் நேரே அரசுக்குத் தீர்வை கட்டியவர்கள். அவர்களை ஜமீன்தார் என்பது பிழை.

1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் மேல்வார உரிமையை ஜமீன்தார்களிடமிருந்து மீட்டு அரசிடம் சேர்த்தது. பின்னர் குடிகளுக்கு ரயத்துவாரி பட்டா வழங்கப்பட்டபோது, அதற்கு அடிப்படையாக நின்றது உங்கள் பத்திரம் சொல்லும் அந்தக் குடிவார பாத்தியமே.